அல் ஐனில் ஒரு தவணை

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சில், பெரிய மனுஷர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, ஒரு பெண்பிள்ளை படிக்கலாமா கூடாதா என்று பேசியதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தால் சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. எண்பதுகளின் நடுவில், அல் ஐனில், ஒரு வெள்ளிக்கிழமைக் காலை அது. வெளியே புழுதிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தெருவே தெரியவில்லை. யாராவது வந்து நின்றாலும் தெரியாது என்று என் வீட்டுக்காரர் இரண்டு முறை எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்தார்.

நான் அங்கே கணக்கு டீச்சர். திருநெல்வேலிப் பக்கம். வாய் கொஞ்சம் நீளம் என்று என் மாமியாரிலிருந்து பள்ளிக்கூடத்துக் கிளார்க் வரை எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அது பொய் இல்லை. பள்ளிக்கூடம் என்று பெரிய வார்த்தை சொல்கிறேனே தவிர, அது ஒரு பழைய வில்லா. நம் ஊர் ஆட்கள் சிலர் ஒரு கமிட்டியாகச் சேர்ந்து வாடகைக்குப் பிடித்து, ஓர் அரபியின் பெயரில் லைசென்ஸ் வாங்கி நடத்தினார்கள். பிள்ளைகளை லண்டன் பரீட்சைக்குத் தயார் செய்வோம். சமையலறையில்தான் சயின்ஸ் லேப். அந்தக் கமிட்டியில் என் வீட்டுக்காரரும் ஒருத்தர். தலைவரை எல்லாரும் சேர்மன் என்போம். மெட்ராஸ்காரர், ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் மேனேஜர். யாரிடமும் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லத் தெரியாத மனுஷர். அந்தக் குணத்தை நான் அப்போது நல்ல குணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தப் பெண்பிள்ளைக்குப் பதினாறு வயது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், கொழும்பில் இருந்தவர்கள். அவளுடைய அப்பா இங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் ஃபோர்மன். பிள்ளையையும் அம்மாவையும் இரண்டு மாத விசிட் விசாவில் கூப்பிட்டிருந்தார். அவர்கள் இங்கே வந்து இறங்கிய கொஞ்ச நாளில், அந்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பில் அவர்கள் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். எங்கே திரும்பிப் போவது? விசா முடிந்தது. மறு வருஷம் அப்பாவின் கம்பெனியும் படுத்துவிட்டது. அவருடைய கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பான அரபி, கையை விரித்துவிட்டார். மூன்று பேரும் 'கல்லிவல்லி' ஆனார்கள். அரபியில் 'போகட்டும் விடு' என்கிற மாதிரி ஒரு பேச்சு அது. நம் ஆட்கள் அதையே விசா இல்லாத மனுஷர்களுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். ஒரு மனுஷனைப் பார்த்து 'போகட்டும் விடு' என்று பெயர் வைக்க நமக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!

அவளைப் பள்ளியில் சேர்த்தபோது, பேப்பர் பிறகு வரும் என்று சொல்லிச் சேர்த்தார்கள். பேப்பர் வரவில்லை, ஃபீஸும் பாக்கி நின்றது. அவள்பாட்டுக்குப் படித்தாள். படிப்பு என்றால் சும்மா இல்லை, என்னையே மடக்கிவிடுவாள். வாயும் அப்படித்தான். நான் வகுப்பில் "ஏட்டி" என்று ஒரு சத்தம் போட்டால் மற்றப் பிள்ளைகள் நடுங்குவார்கள். இவள் மட்டும், "ரீச்சர், உங்கட ஊரில இது செல்லமோ, பேச்சோ?" என்று கேட்பாள். அவர்களுக்குப் பேச்சு என்றால் திட்டு. பேசுவதற்கு அவர்கள் கதைப்பது என்பார்கள். ஒரு நாள் என் வீட்டில் சாப்பிட உட்காரவைத்து ரசம் ஊற்றினேன். "காணும் ரீச்சர், காணும்" என்றாள். எதையோ காணோம் என்கிறாள் என்று நான் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினேன். போதும் என்கிறாளாம். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான்.

லண்டனில் அவளுக்கு ஒரு மாமா இருந்தார். இந்தப் பரீட்சையை மட்டும் அவள் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டால், அங்கே ஒரு காலேஜில் இடம் வாங்கி அவளைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவளுக்கு இந்தப் பாலைவனத்தை விட்டு வெளியே போக இருந்த ஒரே கதவு அதுதான். திரும்பி ஊருக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை அவளுடைய அம்மா சொல்லவே மாட்டார். கேட்டால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்.

அப்போது பார்த்து மினிஸ்ட்ரியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. இன்ஸ்பெக்ஷன் உண்டு, ஒவ்வொரு பிள்ளையின் விசாப் பக்கமும் ஃபைலில் இருக்க வேண்டும் என்று. ஏற்கெனவே ஊரில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. காய்கறிச் சந்தையில் கம்பி வலை போட்ட வண்டி வந்து நின்று ஆட்களை அள்ளிக்கொண்டு போனதாகப் பேச்சு. எங்கள் தெருமுனையில் தினமும் மாலையில் டீ குடித்துக்கொண்டு நிற்கும் மலையாளத்துத் தச்சர்கள் இருவரை ஒரு வாரமாகக் காணோம். எங்கே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் நம்மையும் கேட்பார்களோ என்று பயம்.

அந்தப் பயத்தோடுதான் அந்த வெள்ளிக்கிழமை கமிட்டிக்காரர்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒருத்தர் சொன்னார், ஒன்றை விட்டால் நாளைக்கு ஊரில் இருக்கிற கல்லிவல்லி எல்லாம் நம் வாசலில் வந்து நிற்கும் என்று. இன்னொருத்தர், படிக்கட்டும், ஆனால் ரிஸ்க் நம்முடையது, அதனால் விசா இல்லாத பிள்ளைக்கு இரட்டை ஃபீஸ் வாங்குவோம் என்றார். பேரீச்சம்பழ வியாபாரம் பேசுகிற மாதிரி பேசினார். மூன்றாமவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாமெல்லாம் முறையாக விசா எடுத்து வந்தவர்கள், வரிசையில் நின்றவனையும் சுவரேறிக் குதித்தவனையும் ஒன்றாக வைக்க முடியுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. லாஞ்சில் வந்தவங்க எந்த வரிசையில நின்னாங்க என்று கேட்டுவிட்டேன்.

எல்லாரும் சேர்மனைப் பார்த்தார்கள். ஏனென்றால் சேர்மனே பம்பாயிலிருந்து கள்ளத்தனமாக லாஞ்சில், அதாவது மோட்டார் படகில், வந்தவர்தான். கரைக்குக் கொஞ்சம் தள்ளி இறக்கிவிட, கழுத்தளவு தண்ணீரில் துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து ஏறியவர். ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் அந்தக் கதையை அவரே மேடையில் சொல்லுவார், நாங்கள் கைதட்டுவோம். என் வீட்டுக்காரர் கண்ணாலேயே என்னை எரித்தார். சேர்மன் கோபப்படவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார், "அதனாலதாம்மா எனக்குப் பயம். எனக்குத் தெரியும்."

 லைசென்ஸ் போனால் எல்லாப் பிள்ளைகளும் தெருவில் நிற்கும் என்றார். என் பையனும் அங்கே இரண்டாம் வகுப்பில் இருந்தான். ஒரு பிள்ளைக்காக இத்தனை பிள்ளைகளா என்றால், என்னத்தைச் சொல்வது? இந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று மட்டும் கேட்டேன். பாவம்தான், பாவம்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குள் அந்தப் பெண்ணின் அம்மாவை உள்ளே கூப்பிட வேண்டி வந்தது. டீச்சர், நீங்க கொஞ்சம் டீ போட்டுட்டு வந்தா நல்லாருக்கும் என்றார் ஒருத்தர். என்னைக் கழற்றிவிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? கெட்டிலை நங்கென்று வைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சமையலறை ஜன்னலில் பார்த்தால் அந்தப் பிள்ளை தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து பௌதிகப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புழுதி பறக்கிறது, துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு படிக்கிறாள். உள்ளே தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவைகூடக் கதவுப் பக்கம் திரும்பவில்லை.

நான் டீயோடு போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அம்மா வெளியே வந்துகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தவணை தந்திட்டினம் ரீச்சர். நீங்கள் கதைச்சதாலதான்" என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார், அந்தம்மாவுக்குத் தவணை குடுத்தாச்சு, விடு என்று. பாக்கி ஃபீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு பிள்ளை படிக்கப் போகிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். சேர்மனை மனசுக்குள் கும்பிட்டேன். அடுத்த நாளிலிருந்து இரண்டு வாரம் விடுமுறை விட்டார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது ஒரு புதன்கிழமை. சேர்மன் காலையிலேயே வந்து வாசலில் நின்றார். இன்ஸ்பெக்டர் இன்றைக்கே வருகிறாராம், முந்தின நாள்தான் போன் வந்ததாம். சட்டைக் காலர் நனைந்திருந்தது. பிள்ளைகளை வரிசையாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தவர், அந்தப் பெண்ணும் அம்மாவும் கேட்டைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவள் யூனிஃபார்ம் போட்டு, இரட்டைப் பின்னல் போட்டு, பையை மாட்டிக்கொண்டு வருகிறாள். சேர்மனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. யார் வரச் சொன்னது, யார் வரச் சொன்னது என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"ஒரு தவணை தாறன் எண்டு நீங்கள்தானே ஐயா சொன்னனீங்கள்" என்றார் அம்மா.

"பாக்கியைத் தவணையா கட்டுங்கன்னு சொன்னேம்மா! பேரைத்தான் அன்னிக்கே எடுத்தாச்சே!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாழ்ப்பாணத்தில் தவணை என்றால் பள்ளிக்கூடத்து டேர்ம். முதலாம் தவணை, இரண்டாம் தவணை, தவணைப் பரீட்சை என்பார்கள். நமக்குத் தவணை என்றால் கடனைப் பிரித்துக் கட்டுவது. அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது என்று என் வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்துப் பிறகு தெரிந்துகொண்டேன். சேர்மன் அந்தம்மாவிடம் பிள்ளையை எடுத்துவிட்டோம் என்று நேராகச் சொல்லவில்லை. சொல்ல வாய் வருமா அந்த மனுஷருக்கு? இன்ஸ்பெக்ஷன் வருது, நிலைமை சரியில்லை, பாக்கி வேற நிக்குது, நீங்களே புரிஞ்சுக்கணும் என்று பூசி மெழுகியிருக்கிறார். அந்தம்மா, "ஒரு தவணை தந்தால் காணும் ஐயா, பிறகு ஒண்டும் கேக்க மாட்டம்" என்று கையைக் கூப்பியிருக்கிறார். இந்தக் கடைசி டேர்மை மட்டும் கொடுங்கள், பரீட்சை எழுதிவிடுவாள் என்றுதான் அவர் கேட்டார். ஃபீஸ் பாக்கிக்குத் தவணை கேட்கிறார், பிள்ளையை எடுத்துவிட்டதைப் புரிந்துகொண்டுவிட்டார் என்று இவர்கள் நினைத்துவிட்டார்கள். தவணைதானே, தாராளமா என்று சேர்மன் சந்தோஷமாகத் தலையாட்டியிருக்கிறார். எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது. பாவிகளா! ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதுமே.

அதோடு போனதா? பேரை எடுத்துவிட்டதால், பரீட்சைக்கு லண்டனுக்கு அனுப்பிய பட்டியலில் அவள் பேர் இல்லை. தனியாகப் பதிந்து எழுத துபாயில் ஓர் ஆபீஸ் இருந்தது. அங்கே பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும், விசாப் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள். ஆனால் அதற்கான நாளும் இந்த விடுமுறையில் கடந்துவிட்டது. பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கும் என்று நம்பி இவர்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டே நின்றாள். அழவில்லை. 

அதற்குள் கேட்டுக்கு வெளியே கார் வந்து நின்ற சத்தம்.  வகுப்பில் உட்காரவைத்தால் தலையை எண்ணும்போது ஒன்று கூடும். வெளியே அனுப்பினால் அவர் முகத்துக்கு நேராகத்தான் போக வேண்டும். அம்மா, பிள்ளையை விட வந்தவர் மாதிரி கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். சேர்மன் அவளைச் சமையலறைக்குள் தள்ளினார். டீ கொடுக்கிற பெண் என்று சொல்லிவிடலாம் என்றார். கிளார்க்கின் மனைவி விட்டுப்போன ஒரு கறுப்பு அபாயா, அரபிப் பெண்கள் போடுகிற அங்கி, ஆணியில் தொங்கியது. அதை எடுத்து யூனிஃபார்முக்கு மேலே போட்டுவிட்டேன். பின்னலை உள்ளே செருகினேன். "ரீச்சர், இது பகிடியோ?" என்றாள். பகிடி என்றால் அவர்களுக்கு வேடிக்கை. நான் அபாயாவின் முன்பக்கத்தை இழுத்து மூடினேன்.

இன்ஸ்பெக்டர் அரபிதான், ஆனால் இந்த ஊர்க்காரர் இல்லை. அவரும் எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்தான். தன்மையான மனுஷர். ஃபைலைப் பார்த்தார், தலையை எண்ணினார், எல்லாம் சரியாக இருந்தது. டீ கொண்டுவரச் சொன்னார் சேர்மன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்தாள். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்து, இந்தப் பெண்ணுக்கு என்ன வயசு என்று கேட்டார். பதினெட்டு, இங்கே டீ போடுகிற வேலைக்காரி என்றார் சேர்மன். உடனே அவர், அப்படியானால் இவளுடைய பத்தாக்கா எங்கே என்றார். பத்தாக்கா என்றால் லேபர் கார்டு. படிக்கிற பிள்ளையிடம் யாரும் பத்தாக்கா கேட்க மாட்டார்கள். வேலைக்காரி என்று சொன்னோமே, வேலை செய்கிறவளிடம்தானே கேட்பார்கள்! எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேப்பர் நடந்துகொண்டிருக்கிறது என்று சேர்மன் மென்று முழுங்கினார். கஃபீல் யார் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். அதற்கும் ஒரு முழுங்கல். அவர் சத்தம் போடவில்லை, முகம்கூட மாறவில்லை. டீயைக் குடித்து முடித்தார். சனிக்கிழமை வருகிறேன், இவளுடைய கார்டை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வியாழனும் வெள்ளியும் லீவு. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. ஒரு வெள்ளைக் கார் தெருவில் மெதுவாகப் போனால்கூட என் வீட்டுக்காரர் திரையை விலக்கிப் பார்த்தார். கமிட்டி மறுபடியும் கூடிப் பேசியது. இந்த முறை டீ போட முடியாது என்று சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்தேன். பேச்சு ரொம்ப நேரம் இல்லை. சனிக்கிழமை அவர் வரும்போது அந்தக் குடும்பம் அல் ஐனிலேயே இருக்கக் கூடாது. வேலைக்குச் சேரவில்லை, போய்விட்டாள் என்று சொல்லிவிடலாம். போகிற டாக்ஸிச் செலவைத் தானே தருவதாகச் சேர்மன் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை, அறைய வேண்டும் போலத்தான் இருந்தது.

அவர்கள் இருக்கிற இடம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் சொல்லுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. பட்டறைகள் இருக்கிற சனாயியாவுக்குப் பின்னால், கராஜ்களைத் தாண்டி, பிளைவுட் வைத்து அடைத்த ஒற்றை அறை. கதவைத் தட்டினேன். உள்ளே பேச்சு டக்கென்று நின்றது. ரொம்ப நேரம் கழித்து, நான்தான் என்று சொன்ன பிறகு திறந்தார்கள். நான் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை. இரண்டு பெட்டியையும் கட்டி வைத்திருந்தார்கள். துபாயில் கராமாவில் அவர்கள் ஊர்ப் பையன்கள் சிலர் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார்களாம். அங்கே ஒரு மூலை கிடைக்குமாம். அப்பா மூலையில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார்.

எனக்குச் சொல்ல ஒரே ஒரு நல்ல செய்தி இருந்தது. புதன்கிழமை இன்ஸ்பெக்டர் போன கையோடு நான் துபாய் ஆபீஸுக்குப் போன் போட்டேன். லேட் ஃபீஸ் கட்டினால் சனிக்கிழமை மத்தியானம் வரை பதியலாம் என்று அங்கே ஒருத்தர் சொன்னார். அதைச் சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சனிக்கிழமை விடியவே கிளம்பினால் நேராக அங்கேதான் போவோம் என்றாள். பெட்டியைத் திறந்து யூனிஃபார்மை வெளியே எடுத்தாள்.

"இதைப் போட்டுக்கொண்டு போறன் ரீச்சர். வழியில மறிச்சாலும் ஸ்ருடன்ற் எண்டு சொல்லலாம். ஸ்ருடன்ற்றை ஒண்டும் செய்ய மாட்டினம்தானே?"

ஸ்டூடன்ட்டை ஒண்ணும் செய்ய மாட்டாங்க என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கூட வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வரும்போது டீச்சர்மார் அத்தனை பேரும் இருக்க வேண்டும் என்று சேர்மன் உத்தரவு. என் விசாவும் என் வீட்டுக்காரர் விசாவில்தான் தொங்குகிறது. வாயை மூடிக்கொண்டு அவள் தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை எல்லாரும் இஸ்திரி போட்ட துணியில் வந்திருந்தார்கள். முற்றத்தில் தண்ணீர் தெளித்திருந்தது. சேர்மன் ஆபீஸ் அறையில் ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாக்பீஸ் எடுக்க நான் உள்ளே போயிருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர்தான் என்று நினைத்து அவர் பாய்ந்து எடுத்தார். அரபியில் பேச்சு. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் பிள்ளையின் பெயரை, முழுப் பெயரையும், ஒரு தரம் திருப்பிச் சொன்னார். நான் சாக்பீஸ் டப்பாவை மேஜையில் வைத்தேன். அவர் ரெஜிஸ்டரில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாதா? அவரே அடித்த பேர் அல்லவா? ஆனாலும் விரலை இழுத்துப் பார்த்தார். பிறகு, "மாஃபி" என்றார். இல்லை என்று அர்த்தம். அந்தப் பக்கம் மறுபடி ஏதோ கேட்டார்கள். மறுபடியும் சொன்னார், "மாஃபி."

நான் போய்ப் போனைப் பிடுங்கினேன். வைத்துவிட்டார்கள். கொய்ங் என்கிற சத்தம்தான் கேட்டது.

யார் என்று கேட்டேன். துபாய் ரோட்டில் போலீஸ் நிறுத்திப் பார்க்கிற இடத்திலிருந்து என்றார். டாக்ஸியில் மூன்று பேர், பேப்பர் இல்லை. பெற்றோர் இரண்டு பேரும் பேசவில்லையாம். பெண் மட்டும் ஸ்டூடன்ட் என்று சொல்லி, நம் பள்ளிக்கூடத்துப் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்திருக்கிறாள். சேர்மன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேற என்னம்மா கேட்டான்? முழுசாச் சொல்லுங்க" என்றேன். பதற்றத்தில் அந்த மனுஷரை 'அம்மா' என்றே கூப்பிட்டுவிட்டேன்.

"பேரு இருந்தா ஸ்கூல்லேர்ந்து யாராவது வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க, அவளை மட்டும் விட்டுடறேன்னான்."

நான் அவரை என்னென்னவோ கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகிற மாதிரி கேட்டேன். வெளியே பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். திருப்பிப் போன் போடுங்கள் என்றேன். எந்த நம்பருக்கு என்றார். அதுவும் உண்மைதான், எந்த நம்பருக்கு? என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து நாங்கள் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. அங்கே ஒரு ஷெட்டும் இரண்டு போலீஸ்காரர்களும்தான் இருந்தார்கள். ஷிப்ட் மாறிவிட்டதாம். காலையில் யாரையோ வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள், எங்கே என்று எங்களுக்குத் தெரியாது என்றார்கள். நீங்கள் யார், உங்கள் பேப்பரைக் காட்டுங்கள் என்று எங்களிடம் கேட்டார்கள். காட்டிவிட்டுத் திரும்பினோம்.

துபாயிலும் அபுதாபியிலும் தெரிந்தவர்களை எல்லாம் விட்டுத் தேடிப் பார்த்தேன். கராமா ஃபிளாட்டுக்கு அவர்கள் போகவே இல்லை. கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள் என்று சொன்னார்கள். மூன்று பேரையும் சேர்த்தா, தனித்தனியாகவா என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் அந்தச் சனிக்கிழமை வரவில்லை. அடுத்த வாரம் சேர்மன் பொறுக்கமாட்டாமல் அவருடைய ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டார். அவர் வியாழக்கிழமையே லீவில் தன் ஊருக்குப் போய்விட்டாராம். எங்கள் பள்ளிக்கூடத்து ஃபைலில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார்.